ஏஜெண்டு, மேனேஜர், திரைக்கதை: மண்டபத்துத் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டே முழுநீளத் திரைக்கதை ஒன்றை எழுதி முடித்திருக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். அமெரிக்கத் திரைக்கதை ஏஜெண்டுகளுக்குக் கடிதம் போட்டால் பயன் உண்டா, சென்னையில் நடிகர்களின் மேனேஜர்களை எப்படி அணுகுவது, தன்னை 'ரைட்டர் மேனேஜர்' என்று சொல்லிக்கொண்டு 'புரோஃபைல்' தயாரிப்பதற்கு முன்பணம் கேட்கும் ஒருவரை நம்பலாமா என்பவை அவை. அவருடைய கதை பாக் நீரிணையில் பிடிபட்ட விசைப்படகு ஒன்றைச் சுற்றியது. பதிலுக்குத் தேவையான அளவு மட்டும், அவருடைய ஒப்புதலோடு, அதை இங்கே எடுத்தாள்கிறேன். கோடம்பாக்கத்துக் கதை விவாதங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன், சில படங்களின் வசனத்தில் பங்கெடுத்தவன், இப்போது ராமநாதபுரத்தோடு இருந்துவிட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பணம் போகும் ஆபத்து இருக்கிறது. ஒரு காசு கொடுக்க வேண்டாம், தம்பி. எழுத்தாளரின் பிரதிநிதி என்பவர் எழுத்தாளருக்கு வரும் பணத்தில் பங்கு எடுத்துப் பிழைப்பவர்; எழுத்தாளரிடமிருந்தே பணம் வாங்கிப் பிழைப்பவருக்கு உங்கள் கதை விற்றாலும் ஒன்றுதான், விற்காவிட்டாலும் ஒன்றுதான். ஏஜெண்டு தொழில் வேரூன்றிய கலிஃபோர்னியாவிலேயே ஏஜென்சி பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று தொழிலாளர் சட்டம் தடுக்கிறது. 'ரெஜிஸ்ட்ரேஷன்', 'போர்ட்ஃபோலியோ', 'மீட்டிங் சார்ஜ்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விஷயம் ஒன்றே. அவர் இன்னாரோடு எடுத்துக்கொண்ட புகைப்படங்களைக் காட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இசை வெளியீட்டு விழாவுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்த எவரும் அத்தகைய படங்களை எடுத்துக்கொள்ள முடியும். அவரால் வாய்ப்புப் பெற்ற எழுத்தாளர் ஒருவரின் பெயரைக் கேளுங்கள். அந்த எழுத்தாளரிடம் நீங்களே பேசுங்கள். பெயர் வராது என்பது என் கணிப்பு.

இனி அமெரிக்கா. நீங்கள் படித்திருக்கும் கடித மாதிரிகள் எல்லாம் அந்த ஊர் ஏற்பாட்டுக்காக எழுதப்பட்டவை என்பதால், அந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் அதில் எது நமக்குப் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்க முடியும். அங்கே ஏஜெண்டு வேறு, மேனேஜர் வேறு. ஏஜெண்டு மாநில அரசின் உரிமம் பெற்றவர்; எழுத்தாளருக்கு வேலை தேடித் தருவதும் அந்த வேலைக்கான தொகையைப் பேசுவதும் அவர் பொறுப்பு; அவருக்குச் சேர வேண்டியது வருமானத்தில் 10 சதவீதம். மேனேஜருக்கு அந்த உரிமம் தேவையில்லை. எழுத்தாளரின் பிரதிகளைப் படித்துத் திருத்தம் சொல்வதும், அடுத்து எதை எழுதலாம் என்று யோசனை தருவதும், ஆட்களை அறிமுகப்படுத்துவதும் அவர் வேலை. சட்டப்படி அவர் நேரடியாக வேலை பிடித்துத் தரும் தொழிலைச் செய்யக் கூடாது. அவருடைய பங்கு 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். ஆனால் மேனேஜர் தயாரிப்பாளராகவும் படத்தில் சேர்ந்துகொள்ளலாம். அதனால்தான் புதிய எழுத்தாளரை எடுத்து வளர்க்கும் பொறுமை ஏஜெண்டைவிட மேனேஜரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஏஜெண்டு பெரும்பாலும் ஏற்கெனவே ஏதோ ஒரு கதவு திறந்துவிட்ட எழுத்தாளரைத்தான் சேர்த்துக்கொள்வார்.

அந்த ஊரிலும் ஏஜெண்டு எழுத்தாளரின் பக்கமே எப்போதும் நிற்பார் என்று நினைத்துவிடக் கூடாது. ஓர் ஏஜென்சியிடம் எழுத்தாளர், இயக்குநர், நடிகர் மூவரும் இருந்தால் மூவரையும் ஒரு கட்டாகக் கட்டி ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிட்டு, எழுத்தாளரிடம் 10 சதவீதம் வாங்குவதற்குப் பதிலாக ஸ்டுடியோவிடமே 'பேக்கேஜிங்' கட்டணம் வாங்கும் பழக்கம் நெடுங்காலம் நடந்தது. எழுத்தாளரின் சம்பளம் கூடினாலும் குறைந்தாலும் ஏஜென்சியின் வரவு அதைச் சார்ந்திருக்கவில்லை. இதை எதிர்த்து 2019 ஏப்ரலில் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எடுத்த முடிவால் ஆயிரக்கணக்கான எழுத்தாளர்கள் தங்கள் ஏஜெண்டுகளை ஒரே சமயத்தில் விலக்கினார்கள். பெரிய ஏஜென்சிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து, கடைசியாக இருந்த டபிள்யூ.எம்.இ. 2021 பிப்ரவரியில் கையெழுத்திட்டது. சென்னைக்கு இதில் என்ன பாடம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுப்பலாமா என்றால், இப்போதைக்கு அதில் செலவாகும் உழைப்பு வீண் என்பேன். அங்குள்ள ஏஜெண்டு அங்குள்ள ஸ்டுடியோவுக்கும் தொலைக்காட்சித் தொடர்களை எழுதும் குழுவுக்கும் ஆள் அனுப்புகிறவர். தமிழில் எடுக்க வேண்டிய, ராமேஸ்வரம் கரையில் மட்டுமே நடக்கக்கூடிய கதையை அவர் யாரிடம் கொண்டுபோவார்? கதை நன்றாக இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டாலும் அவரிடம் அதற்கான சந்தை இல்லை. அதோடு, கேட்காமல் வந்த பிரதிகளை அங்கே பெரும்பாலான அலுவலகங்கள் பிரிக்காமலே திருப்பிவிடும். திமிர் என்று எண்ண வேண்டாம். நாளை அதே சாயலில் படம் ஒன்று வந்தால் 'என் கதையைப் படித்தீர்கள்' என்று வழக்கு வரும் என்ற பயம்தான் காரணம். முதலில் கடிதம், அனுமதி வந்தால் பிரதி என்ற ஒழுங்கு அந்தப் பயத்திலிருந்து பிறந்தது. அந்த ஒழுங்கை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலும் அது மரியாதையாகவே கொள்ளப்படும்.

சென்னையில் எழுத்தாளருக்கென்று வேலை பிடித்துத் தரும் ஏஜெண்டு என்ற தொழில் அநேகமாக இல்லை. இதற்குக் காரணம் நம் சினிமா வளர்ந்த விதம். தமிழில் கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் நான்கும் ஒரே பெயரின் கீழ் வருவது வழக்கமாகிவிட்டது. தயாரிப்பாளர் வாங்குவது பெரும்பாலும் தாளில் இருக்கும் திரைக்கதையை அல்ல. ஒரு கதையோடு வந்து நிற்கும் இயக்குநரை. அந்த இயக்குநர் இன்னொரு இயக்குநரிடம் உதவியாளராக இருந்தவராகவோ குறும்படத்தில் கவனம் பெற்றவராகவோ இருப்பார். 2009-இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி வழியாகக் கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் வந்தபோது அவர்களுடைய கதையோடு சேர்த்து அவர்களும் தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்த முகங்களானார்கள். எழுத்தை மட்டும் செய்து நிலைத்தவர்களும் உண்டு. சுஜாதா, ஜெயமோகன், எஸ். ராமகிருஷ்ணன் என்று அந்த வரிசை நீள்கிறது. ஆனால் அவர்களில் எவரும் முன்பின் அறியாத திரைக்கதையோடு கதவைத் தட்டியவர்கள் அல்லர். அச்சில் பெயர் பெற்ற பிறகு இயக்குநர்கள் அவர்களைத் தேடி வந்தார்கள்.

ஆகவே நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஏஜெண்டைப் பற்றி அல்ல. இந்தக் கதையை நீங்களே இயக்க விரும்புகிறீர்களா, அல்லது எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்க விரும்புகிறீர்களா? உங்கள் கடிதத்தில் இரண்டும் கலந்து கிடக்கிறது. இயக்குவதுதான் ஆசை என்றால் உங்களுக்குத் தேவை பிரதிநிதி அல்ல. பத்து நிமிடக் குறும்படமும், முடிந்தால் ஓர் இயக்குநரிடம் சில காலம் வேலையும்தான். எழுத மட்டுமே விருப்பம் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

அப்படியானால் நடிகரின் மேனேஜர் உங்களுக்குச் சரியான ஆள் அல்லர். அவர் யாருடைய மேனேஜர் என்பதை நினைவில் வையுங்கள். நடிகரின் கால்ஷீட், சம்பளம், விளம்பரம், அடுத்த படத்தின் தேர்வு ஆகியவைதான் அவர் கவலை. அவரை அழைத்து 'கதை இருக்கிறது' என்று சொன்னதும் அவர் கேட்கும் முதல் கேள்வி 'டைரக்டர் யார்?' என்பது, இரண்டாவது 'புரொடக்‌ஷன் யார்?' என்பது. இவ்விரண்டுக்கும் உங்களிடம் பதில் இல்லாதபோது அவர் மரியாதையாக 'வாட்ஸப்பில் அனுப்புங்கள், பார்க்கிறேன்' என்பார். அனுப்பிய பிரதி அவர் தொலைபேசியில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே புதைந்துவிடும். அவர் மேல் தவறில்லை. நடிகரிடம் ஒரு கதையைக் கொண்டுபோவது என்றால் அவர் தன் சொல்லைப் பணயம் வைக்கிறார். இயக்குநரும் தயாரிப்பாளரும் இல்லாத கதைக்கு அதைச் செய்ய மாட்டார். இன்னொன்றும் உண்டு. மேனேஜரே தயாரிப்பிலும் பங்கெடுக்கும் இடங்களில், உங்களோடு பேசுகிறவர் நடிகருக்காகப் பேசுகிறாரா, தனக்காகப் பேசுகிறாரா என்பது தெளிவாக இராது. அமெரிக்க எழுத்தாளர்கள் 2019-இல் சண்டையிட்டது இதே குழப்பத்தை எதிர்த்துத்தான்.

நீங்கள் அணுக வேண்டியவர்கள் இயக்குநர்கள். அதிலும் முதல் படமோ இரண்டாம் படமோ முடித்து அடுத்த கதைக்குத் திணறிக்கொண்டிருக்கும் இயக்குநர்கள். முதல் படத்தின் கதையைப் பத்து ஆண்டுகள் மனத்தில் சுமந்து எழுதியிருப்பார்கள். அடுத்த கதையை ஆறே மாதத்தில் தரச் சொல்லித் தயாரிப்பாளர்கள் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். அப்போது நல்ல கதை ஒன்று வெளியிலிருந்து வந்தால் கேட்பதற்குக் காது இருக்கும். அவர்களுக்கு அடுத்தபடியாக, கதை கேட்பதற்கென்றே ஆள் வைத்திருக்கும் தயாரிப்பு நிறுவனங்கள். அங்கே உங்கள் பிரதியை முதலில் படிப்பவர் உதவி இயக்குநராக இருந்து வந்த இளைஞராக இருக்கக்கூடும். அவரை அலட்சியமாக நினைத்துத் 'தயாரிப்பாளரிடமே பேச வேண்டும்' என்று அடம் பிடிக்கிறவர்கள் வாசலோடு திரும்புகிறார்கள்.

கடிதம் எழுதுவதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எனக்கு மாதிரியாக அனுப்பிய கடிதம் இப்படித் தொடங்குகிறது: 'கடலோர மக்களின் கண்ணீரையும் காதலையும் கண்முன் நிறுத்தும் உணர்ச்சிக் காவியம்.' இதைப் படிக்கிறவருக்குக் கதை என்ன என்று ஒரு சொல்லும் தெரியாது. கண்ணீர், காதல், காவியம் என்று அன்று காலையில் வந்த மற்ற மின்னஞ்சல்களிலும் இருந்திருக்கும். உங்கள் திரைக்கதையின் எழுபதாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும் விஷயத்தை எடுத்து முதல் வரியில் வையுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'வணக்கம். மண்டபம் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். முழுநீளத் திரைக்கதை ஒன்று முடித்திருக்கிறேன். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட விசைப்படகின் முதலாளிக்குப் படகு திரும்ப வேண்டும். அதன் ஓட்டுநரின் மனைவி, பாசி எடுத்துப் பிழைக்கும் பெண், அவளுக்குக் கணவன் திரும்ப வேண்டும். இருவரும் ஒரே வக்கீலுக்குப் பணம் கட்டுகிறார்கள். கணவன் வெளியே வருவதற்குச் சொல்ல வேண்டிய வாக்குமூலமும் படகு வெளியே வருவதற்குச் சொல்ல வேண்டிய வாக்குமூலமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பது விசாரணைக்கு முந்தைய நாள் அவளுக்குத் தெரியவருகிறது. கதை பதிவு செய்யப்பட்டுள்ளது. இரண்டு பக்கச் சுருக்கத்தை அனுப்ப அனுமதி கேட்கிறேன்.'

அவ்வளவுதான். இதில் நீங்கள் யார் என்பதும் இந்தக் கதையை எழுத உங்களுக்கு என்ன தகுதி என்பதும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகின்றன. யார் யாருக்கு எதிரே நிற்கிறார்கள் என்பது தெரிகிறது. முடிவைச் சொல்லவில்லை, அதைச் சுருக்கத்தில் ஒளிக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் சுருக்கம் படிப்பவர் ரசிகர் அல்லர், முடிவெடுக்கிறவர். எந்த நடிகர் நடிக்கலாம், படம் எத்தனை கோடி வசூலிக்கும், எந்த மொழிகளில் எடுக்கலாம் என்பவற்றை எழுத வேண்டாம். இயக்குநரின் முந்தைய படத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதலாம். உண்மையில் பார்த்திருந்தால் மட்டும். மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதன் பிறகும் மௌனம் என்றால் அது பதில்தான்.

கடிதம் வேலை செய்தால் அடுத்தது கதை சொல்லல். பிரதியைப் படிப்பதைவிடக் கதை கேட்பதே நம் பழக்கம் என்பதால் இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஒரு வீட்டின் மாடி அறை, வாசலில் செருப்புகள், உள்ளே கேட்பவரோடு இன்னும் இருவர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் யார் என்று அறிமுகம் இராது. டீ வரும். முதல் பத்து நிமிடம் மூவரும் உங்களையே பார்ப்பார்கள். பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். அவர் எழுந்து பால்கனிக்குப் போய்த் திரும்பி வந்து 'சொல்லுங்க, எங்க விட்டோம்?' என்பார். அந்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் கதை செத்துவிடும். விட்ட காட்சியின் கடைசி வசனத்தைச் சொல்லி அங்கிருந்தே பிடிக்க வேண்டும். 'இன்டர்வெல் பிளாக் என்ன?' என்று நடுவில் கேட்பார்கள். உங்கள் கதையில் இடைவேளை எங்கே விழுகிறது என்பதை அப்போது யோசிக்காதீர்கள், முன்பே முடிவு செய்து வைத்திருங்கள். முழுக்கதையையும் நாற்பது நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். கூடவே அந்த ஊர்ச் சங்கதிகளை, அதாவது மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கித்தான் விசைப்படகு கடலுக்குப் போகும் என்பதையும், விசைப்படகுக்கு ஒரு நாள் நாட்டுப்படகுக்கு ஒரு நாள் என்று முறை உண்டு என்பதையும், சென்னையில் கேட்பவருக்குப் புரியும்படி ஒரே வாக்கியத்தில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அவற்றைப் பாடம்போல் விளக்கினால் கண் செருகிவிடும். அவையின்றிச் சொன்னால் உங்கள் கதை யாரும் எங்கும் எழுதக்கூடிய கதையாகிவிடும்.

எப்போது போவது என்பதற்கு உங்கள் தொழிலிலேயே விடை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸுக்கு வேலை குறைவு; விடுப்புக் கேட்பதும் எளிது. முன்கூட்டியே கடிதங்கள் அனுப்பி, அனுமதி தந்தவர்களிடம் நாள் குறித்துக்கொண்டு அந்த நாட்களில் சென்னைக்குப் போங்கள். யாரிடமும் சொல்லாமல் போய் அலுவலக வாசலில் காத்திருந்தால் வாய்ப்புக் கிடைக்கும் என்று சொல்கிற பழங்கதைகளை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

இனிப் பாதுகாப்பு. 'கதையைத் திருடிவிடுவார்களா?' என்று நீங்கள் நான்கு இடங்களில் கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானது; ஆனால் சட்டம் எதைக் காக்கும், எதைக் காக்காது என்று தெரிந்துகொண்டால் பயத்தின் அளவு சரியாகும். வெறும் கருத்துக்குக் காப்புரிமை (காப்பிரைட்) இல்லை. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு நாடகாசிரியர் தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று தொடுத்த அந்த வழக்கில், கரு ஒன்றாக இருந்தாலும் அதைச் சொன்ன விதம் வேறு என்று கூறி அவருக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. ஆகவே 'பிடிபட்ட படகைப் பற்றிய கதை' உங்களுக்குச் சொந்தமல்ல. அதை எவரும் எழுதலாம். ஒரே வக்கீல், எதிரெதிர் வாக்குமூலங்கள் என்று நீங்கள் பின்னிய காட்சி வரிசையும் பாத்திரங்களும் வசனங்களுமே உங்களுடையவை. அவை எழுத்தில் விரிவாக இருக்கும் அளவுக்குத்தான் உங்கள் பிடி வலுவாக இருக்கும். ஒரு வரிக் கதையைப் பதிவு செய்துவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிவதில் பாதுகாப்பு இல்லை.

பதிவுக்கு மூன்று இடங்கள். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம். மும்பையில் திரைக்கதையாசிரியர்களின் சங்கமான எஸ்.டபிள்யூ.ஏ., அங்கே உறுப்பினர்கள் இணையத்திலேயே பதிவு செய்யலாம். அடுத்தது மத்திய அரசின் காப்புரிமை அலுவலகம், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பலாம். பதிவு செய்யாவிட்டாலும் எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு என்பது இன்ன தேதியில் இந்தப் பிரதி உங்களிடம் இருந்தது என்பதற்கான சான்று. அந்தச் சான்று என்ன செய்யும் என்பதற்கு 2018-ஐப் பாருங்கள். 'சர்கார்' படம் வெளிவரும் முன், 2007-இல் சென்னைச் சங்கத்தில் தான் பதிவு செய்த 'செங்கோல்' கதையின் சாயல் அதில் இருப்பதாக வருண் ராஜேந்திரன் முறையிட்டார். அப்போது சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் இரண்டையும் ஒப்பிட்டுச் சாயல் இருப்பதாகச் சொன்னார். விவகாரம் நீதிமன்றம் வரை போய்ச் சமரசத்தில் முடிந்து, வருணுக்குப் படத்தில் பெயரும் போடப்பட்டது. பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய பதிவு இல்லையென்றால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. மின்னஞ்சலில் அனுப்பிய தேதி, யாரிடம் கதை சொன்னீர்கள், அறையில் யார் யார் இருந்தார்கள் என்பவற்றையும் குறித்து வையுங்கள்; அவையும் சான்றுகள்தாம்.

பதிவைவிட முக்கியமானது கையெழுத்து. ஒரு நாள் யாரோ 'கதை எனக்குப் பிடித்துவிட்டது' என்று சிறு தொகை ஒன்றை அட்வான்ஸாகக் கையில் வைப்பார்கள். அந்த மகிழ்ச்சியில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். நம் கரையில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் அந்தக் கடன் அடையும்வரை அவர் சொல்லும் விலைக்கே மீனைப் போட வேண்டியிருப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். நிபந்தனை எழுதாத கதை அட்வான்ஸும் அதே வேலையைச் செய்யும். படம் தொடங்காது, கதையையும் வேறு எவரிடமும் கொண்டுபோக முடியாது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இதில் எழுத்தாளருக்குப் பெரிய துணை. உரிமையை ஒப்படைப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்த உரிமைகள், எவ்வளவு காலத்துக்கு, எந்த நிலப்பரப்புக்கு, என்ன தொகைக்கு என்று அதில் சொல்லப்பட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலன்றி, அது காலாவதியாகும்.

'வேறு மாதிரி எழுதியிருந்தாலன்றி' என்ற அந்த இடத்தில்தான் எல்லா ஒப்பந்தங்களும் கை வைக்கும். 'என்றென்றைக்கும், உலகம் முழுவதும், இப்போதுள்ள மற்றும் இனி வரப்போகும் அனைத்து ஊடகங்களிலும், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும்' என்று ஒரு வாக்கியம் நடுப்பக்கத்தில் இருக்கும். அதை முழுதாக நீக்க புதியவரால் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இத்தனை மாதத்துக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். பதினெட்டு மாதம் நியாயமான காலம். 'கதை' என்றா, 'கதை, திரைக்கதை' என்றா, 'வசனம்' சேர்த்தா, திரையில் உங்கள் பெயர் எப்படி வரும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வக்கீலுக்குக் கட்டணம் கொடுத்து அந்தப் பத்துப் பக்கத்தைப் படிக்கச் சொல்வது, நீங்கள் கேட்ட அந்த 'ரைட்டர் மேனேஜருக்கு'க் கொடுப்பதைவிடப் பல மடங்கு நல்ல செலவு.

கடைசியாக, உண்மையான பிரதிநிதி எங்கே கிடைப்பார் என்ற கேள்வி. இந்தியாவில் எழுத்தாளர்களையும் இயக்குநர்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் நிறுவனங்கள் மும்பையில் உண்டு. துல்சியா அவற்றில் நன்கு அறியப்பட்டது. ஓ.டி.டி. வந்த பிறகுதான் இவர்களின் தேவை வளர்ந்தது, ஏனென்றால் நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் முன்பின் அறியாதவர் அனுப்பும் கதைகளை ஏற்பதில்லை. ஏஜெண்டு வழியாகவோ ஏற்கெனவே தங்களோடு உறவுள்ள தயாரிப்பாளர், வக்கீல், மேனேஜர் வழியாகவோ வந்தால்தான் படிக்கும். தமிழ்த் தொடர்களும் அந்த வழியாகவே அங்கே போகின்றன. ஆனால் மும்பை நிறுவனம் உங்களைச் சேர்த்துக்கொள்ள ஒரே ஒரு திரைக்கதை போதாது. 'வேறு என்ன வைத்திருக்கிறீர்கள்?' என்பது அவர்கள் கேட்கப்போகும் கேள்வி. ஒரு கதையோடு நின்றுவிடுகிறவரால் அவர்களுக்கு ஒருமுறைதான் வருமானம். இரண்டாவது முழுப் பிரதியும், ஒரு தொடருக்கான ஆங்கிலச் சுருக்கமும், எங்கேயாவது ஓர் அங்கீகாரமும் கையில் இருக்கும்போது போங்கள்.

அங்கீகாரத்துக்கு நான் சொல்லக்கூடிய நல்ல வழி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் திரைக்கதைப் பட்டறை. 2007-இல் தொடங்கியது, தேர்வாகும் சிலரது பிரதிகளை அனுபவம் மிக்க ஆலோசகர்கள் உட்கார்ந்து செதுக்க உதவுகிறார்கள், பிறகு கோவாவில் நடக்கும் ஃபிலிம் பஜாரில் தயாரிப்பாளர்களிடம் கதை சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். கடலோர மாவட்டத்திலிருந்து, தானே அன்றாடம் பார்க்கும் உலகத்தைப் பற்றி எழுதும் ஒருவரின் பிரதி அங்கே தனித்துத் தெரியும். அமெரிக்க ஏஜெண்டுக்காக மொழிபெயர்ப்பில் செலவழிக்கவிருந்த உழைப்பை இந்த விண்ணப்பத்துக்குத் திருப்புங்கள்.

அப்படி ஒரு நிறுவனம் உங்களை ஏற்கும் நாளில் அவர்களுடைய ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். கமிஷன் எத்தனை சதவீதம், அது அவர்கள் கொண்டுவந்த வேலைக்கு மட்டுமா அல்லது நீங்களே தேடிக்கொண்ட வேலைக்குமா என்பது ஒன்று. பணம் நேரே உங்கள் கணக்குக்கு வருகிறதா, அவர்கள் கணக்கு வழியாக வருகிறதா என்பது அடுத்தது. பிரிந்த பிறகு எவ்வளவு காலம், எந்தெந்த வேலைகளுக்கு அவர்கள் கமிஷன் கேட்கலாம் என்பது மூன்றாவது. பெரும்பாலோர் கண்ணில் படாமல் போவது இதுதான். முதல் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் வேண்டாம், முப்பது நாள் அறிவிப்பில் விலகும் வழி இருக்கட்டும், விலகிய பின் அவர்கள் பேசி முடித்த வேலைகளுக்கு மட்டும் கமிஷன் என்று எழுதச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் நிறுவனத்தோடு வேலை செய்யாமல் இருப்பதே உங்களுக்கு லாபம்.